மண்ணையும் மனத்தையும் அளத்தல்

திருமங்கலத்துக்கு அப்பால் இரண்டு ஏக்கர் கரிசல் நிலம் வாங்கிய நண்பர் ஒருவர், முதல் வேலையாக அதன் வடகிழக்கு மூலையில் பண்ணைக்குட்டை வெட்டினார். நீருக்கு உரிய திசை அதுவே என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஐப்பசி மழையில் நீரெல்லாம் தென்கிழக்கே ஓடிப் பக்கத்து நிலத்தில் தேங்கியது. குட்டையில் கணுக்கால் அளவுக்குக்கூட நீர் சேரவில்லை. அதற்குப் பிறகுதான் பெர்மாகல்ச்சர் பற்றிய நூல்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினார்.

ஆஸ்திரேலியர்களான பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் 1978இல் வெளியிட்ட நூலின் வழியே பரவிய நிலவடிவமைப்பு முறை இது. 2002இல் ஹோம்கிரன் வகுத்த பன்னிரண்டு நெறிகளில் முதலாவது, உற்றுநோக்குதல். வடிவமைப்பவர் திட்டம் வரைவதற்கு முன் இரண்டை அறிந்தாக வேண்டும். நிலம் எப்படிக் கிடக்கிறது என்பது ஒன்று: அதன் சரிவு, மண், காற்று, நீரோட்டம். நிலத்துக்குரியவருக்கு என்ன வேண்டும், அவரால் எவ்வளவு இயலும் என்பது மற்றொன்று.

இந்த இரண்டு கேள்விகளையும் ஒருசேர எழுப்பிய குரல் மதுரையை ஆண்ட அரசன் முன் என்றோ ஒலித்திருக்கிறது. புறநானூற்றின் 18ஆம் பாடல், பாண்டியன் நெடுஞ்செழியனைக் குடபுலவியனார் பாடியது. நீர்மேலாண்மைக்குச் சான்றாக இப்பாடலைக் காட்டாத மேடை இல்லை. ஆனால் அதன் வைப்புமுறையைப் பலரும் கவனிப்பதில்லை. புலவர் குளத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அரசனின் விருப்பங்களை முதலில் எண்ணுகிறார். மறுமைச் செல்வம் வேண்டுமா, பிற வேந்தரை வென்று தனித்து ஆள வேண்டுமா, இவ்வுலகில் அழியாப் புகழ் வேண்டுமா? மூன்றில் எது வேண்டுமாயினும் கேள் என்கிறார். பிறகே நிலத்துக்கு வருகிறார். விதைத்துவிட்டு வானம் பார்க்கும் புன்செய் எத்துணைப் பரந்ததாயினும் ஆள்பவன் முயற்சிக்கு உதவாது. ஆகவே தாழ்ந்த இடம் பார்த்து நீரைத் தேக்கு என்பது அவர் முடிவு. கேட்பவன் மனத்தையும் கிடக்கும் மண்ணையும் அளந்த பின்னரே அவர் யோசனை சொல்கிறார்.

தாழ்ந்த இடம் என்ற குறிப்பில் ஒரு பொறியியல் இருக்கிறது. மதுரைச் சமவெளியின் ஆண்டு மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த நீரைப் பிடிக்க இங்கே கண்மாய்கள் எழுந்தன. சரிவின் கீழ்ப்புறத்தில் மட்டும் பிறைவடிவில் கரை போட்டால் போதும். மேற்புறத்தை நிலத்தின் ஏற்றமே அடைத்துக்கொள்ளும். நிரம்பியது போக மிஞ்சும் நீர் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்குச் செல்லும். சரிவைத் தவறாகக் கணித்திருந்தால் ஒரு கண்மாயோடு அந்தச் சங்கிலி முழுவதும் அறுந்திருக்கும்.

கண்மாயைப் பயன்படுத்துவோரின் தேவையும் அதன் அமைப்பில் பதிந்திருக்கிறது. மடையின் மட்டம் ஆயக்கட்டு வயலின் மட்டத்தைப் பார்த்து வைக்கப்பட்டது. நீரைப் பங்கிட ஊர் ஓர் ஆளை நியமித்தது. பாசன நீர் வற்றும் காலத்தில் மீனும் வண்டலும் ஊருக்குக் கிடைத்தன.

இந்த அறிவை நகரம் மறந்ததற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மதுரை மாநகராட்சி அலுவலகம் தல்லாகுளத்தில் நிற்கிறது. 2004இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கிளை உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில் எழுந்தது. குளம், ஏரி என்று ஊர்ப்பெயரே நிலத்தின் இயல்பைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பெயரை வைத்துக்கொண்டோம்; அது சொன்ன பொருளைக் கேட்கவில்லை. பெருமழை நாள்களில் தெருக்களில் நிற்கும் நீர், தன் பழைய இடத்தைத் தேடி வந்த நீர்தான்.

நண்பரிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்டேன்: "இந்த நிலத்திலிருந்து உங்களுக்கு என்ன வேண்டும்?" நெல், காய்கறி, ஆடு, மீன் என்று அடுக்கினார். அருகிலிருந்த அவர் மனைவி, "நாம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானே போகிறோம்?" என்றார். நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. வாரத்துக்கு ஒருநாள் போகிறவருக்குக் காய்கறிப் பாத்தி சரிப்படாது. வேம்பும் புளியும் சரிப்படலாம்.

அவர் இன்னும் எதையும் நடவில்லை. அடுத்த ஐப்பசியில் குடையோடு வரப்பில் நடந்து, நீர் எங்கே ஓடுகிறது என்று பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.