சொல்லும் சித்திரமும்

ஆங்கில இலக்கியத்தையும் கலைவரலாற்றையும் ஒருங்கே கற்றுப் பட்டம் பெறும் வழி பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் உண்டு. இதனைக் கேள்வியுறும் பெற்றோர், "ஒன்றையேனும் ஆழமாகக் கற்கலாகாதா? செய்யுளுக்கும் சித்திரத்துக்கும் என்ன உறவு?" என்று வினவுவர். உயர்தர வகுப்பு மாணவரின் பாடத் தெரிவில் நெடுங்காலம் ஈடுபட்டு வரும் எனக்கு இவ்வினா புதிதன்று; நியாயமற்றதுமன்று. எனினும், விடை கூறுமுன் இவ்விரு பாடங்களும் ஆங்கில நாட்டுப் பல்கலைக்கழகங்களுள் எவ்வாறு இடம்பெற்றன என்னும் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் என்னும் இரு பெரும் பல்கலைக்கழகங்களிலும் ஆங்கில இலக்கியம் தொன்றுதொட்டே கற்பிக்கப்பட்டு வந்தது என நம்மிற் பலர் எண்ணுகின்றோம். உண்மை அதுவன்று. அங்கே பல நூற்றாண்டுகளாகக் கோலோச்சியவை இலத்தீனும் கிரேக்கமும் இறையியலும் கணிதமுமே. சோசரும் சேக்ஸ்பியரும் ஓய்வு வேளையிற் படித்து இன்புறுதற்குரியவர் என்றே கருதப்பட்டனர். 1828ஆம் ஆண்டிலே இலண்டன் நகரிற் புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரிதான் ஆங்கிலத்துக்கு ஒரு பேராசிரியரை நியமித்தது. ஒக்ஸ்போர்டில் 1894இலும், கேம்பிரிட்ஜில் 1917இலுமே ஆங்கிலம் தனிப் பட்டப் பரீட்சைக்குரிய பாடமாயிற்று. அதற்கும் எதிர்ப்பு இல்லாமலில்லை. சுவையைப் பரீட்சித்து மதிப்பெண் இடல் இயலுமா என்று ஒக்ஸ்போர்டின் வரலாற்றுப் பேராசிரியராகிய பிரீமன் என்பவர் 1887இல் வன்மையாக வாதிட்டார். இவ்வெதிர்ப்பைச் சமாளிக்கவே பழைய ஆங்கில இலக்கணமும் மொழிநூலும் அப்பாடத்தில் மிகுதியாகச் சேர்க்கப்பட்டன.

கலைவரலாற்றின் கதை இதனினும் விந்தையானது. பீலிக்ஸ் ஸ்லேட் என்னும் செல்வர் 1868இற் காலமானார். கலைப்பொருள் சேகரிப்பதிற் பெருவிருப்புடைய அவர் தம் மரண சாசனத்தின் வாயிலாக ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், இலண்டன் ஆகிய மூவிடங்களிலும் கவின்கலைப் பேராசிரியர் பதவிகளை நிறுவப் பொருள் வழங்கிச் சென்றார். ஒக்ஸ்போர்டில் அப்பதவிக்கு முதன்முதலாகத் தெரிவு செய்யப்பட்டவர் ஜோன் ரஸ்கின். இவர் யார்? 1839இலே அதே பல்கலைக்கழகத்திற் கவிதைக்கான நியூடிகேற் பரிசைப் பெற்றவர். டேர்னர் என்னும் ஓவியரைக் குறைகூறியோருக்கு விடையாக 1843இலே ஒரு பெருநூலின் முதற் பாகத்தை வெளியிட்டவர். ஆங்கில உரைநடை வல்லாருள் முன்வைத்து எண்ணப்படுபவர். ஆகவே, ஒக்ஸ்போர்டிற் கலையைப் பற்றிப் பேசுவதற்கென முதலில் அமர்த்தப்பட்டவர் ஓர் இலக்கியகாரரே. 1870ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் அவர் நிகழ்த்திய முதல் விரிவுரைக்குத் திரண்ட கூட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட மண்டபம் போதாமையால், அனைவரும் ஷெல்டோனியன் அரங்குக்குச் செல்ல நேர்ந்தது. அவர் சொல்லோடு நின்றாரல்லர். படங்களைக் கொணர்ந்து காட்டினார். 1871இல் ஒரு சித்திரப் பள்ளியையும் நிறுவினார். ஓவியராதற்கன்று, உற்று நோக்கப் பழகுதற்கே மாணவர் கோடு வரைதல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

ஆயினும், ரஸ்கினின் விரிவுரைகளைக் கேட்டவர் எவரும் அதனாற் பட்டம் பெற்றிலர். எடின்பரோப் பல்கலைக்கழகம் 1880இலே கவின்கலைக்கு ஒரு பேராசிரியரை நியமித்தது. இலண்டனிற் கோர்ட்டோல்ட் கலைக்கழகம் 1932இலே தோன்றிய பின்னரே கலைவரலாறு இங்கிலாந்திற் பட்டப்படிப்பாக வேரூன்றியது. ஒக்ஸ்போர்டில் இளங்கலை மாணவர்க்கு அது தனிப் பட்டநெறியாக அமைந்தது 2004இலேதான்.

இவ்வரலாற்றில் இன்னுமொரு நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரில் அபி வார்பேர்க் என்னும் அறிஞர் ஓர் அரிய நூலகத்தைச் சேர்த்து வைத்திருந்தார். ஓவியம், செய்யுள், புராணம், சோதிடம், திருவிழா என்பன பற்றிய நூல்கள் அங்கே வேறு வேறு அறைகளிற் பூட்டப்படாமல், பொருளுக்கேற்ப அருகருகே அடுக்கப்பட்டிருந்தன. ஒரு சித்திரத்தின் பொருளை அறிய முற்படுவோன் அக்காலத்தார் பாடிய பாட்டையும் ஆடிய கூத்தையும் அறிதல் வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் 1929இல் மறைந்தார். நாசிகள் ஆட்சியைக் கைப்பற்றியதும், அந்நூலகம் அழிவுக்கு அஞ்சி 1933 டிசம்பரில் இலண்டனுக்குக் கப்பலேறியது. ஏறத்தாழ 60,000 நூல்களைச் சுமந்துவந்த இரு கப்பல்களின் பெயர்கள் ஹேர்மியா, ஜெசிக்கா என்பன. இரண்டும் சேக்ஸ்பியரின் நாடகப் பெண்களின் பெயர்கள். கலைவரலாற்றின் பெருஞ் செல்வமொன்று ஆங்கில இலக்கியத்தின் பெயர் தாங்கிய கப்பல்களில் வந்திறங்கியது தற்செயலே எனினும் பொருத்தமானதே. அந்நூலகம் 1944இல் இலண்டன் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது.

இனி, இவ்விரு பாடங்களும் ஒன்றுக்கொன்று எவ்வாறு உதவுகின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம்.

ஹம்லெற் நாடகத்திலே ஒபீலியா நீரில் மூழ்கி இறக்கின்றாள். இந்நிகழ்ச்சி மேடையிற் காட்டப்படுவதில்லை; அரசி கெர்ட்ரூட் வந்து கூறக் கேட்கின்றோம். ஆற்றோரத்து அலரி மரத்திற் பூமாலையைத் தொங்கவிட ஏறியதும், கிளை முறிந்ததும், ஆடை விரிந்து அவளைச் சிறிது நேரம் தாங்கியதும், அவள் பாடிக்கொண்டே மிதந்ததும், பின்னர் நனைந்த ஆடையே அவளைச் சேற்றுக்குள் இழுத்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஜோன் மில்லே என்னும் ஓவியர் 1851இலும் 1852இலும் இக்காட்சியைத் தீட்டினார். ஆற்றங்கரையையும் செடிகொடிகளையும் சறே மாவட்டத்து ஹொக்ஸ்மில் ஆற்றோரத்திற் பல மாதம் அமர்ந்து, இலை இலையாகப் பார்த்து எழுதினார். பின்பு இலண்டனிலே எலிசபெத் சிடால் என்னும் பெண்ணை நீர் நிறைந்த தொட்டியிற் கிடத்தி உருவத்தை வரைந்தார். நீரைச் சூடாக வைத்திருந்த விளக்குகள் ஒருநாள் அணைந்துபோக, அவர் குளிரால் நோயுற்றார் என்பர்.

இலக்கியம் மட்டும் கற்றவன் இப்படத்தின்முன் நின்றால், 'இது ஒபீலியாவின் கதை' என்று கூறி நகர்ந்துவிடக்கூடும். கலைவரலாறு மட்டும் கற்றவன் அக்காலத்து இளம் ஓவியர் குழுவையும், வெண்பூச்சின்மேல் அவர்கள் இட்ட ஒளிமிக்க வண்ணத்தையும் விரித்துரைத்து, அரசியின் சொற்களை மறந்துவிடக்கூடும். இரண்டையும் கற்றவனோ நாடகத்தைப் படத்தின் அருகில் வைத்து ஒப்பு நோக்குவான். நெற்றியலரியும் தொட்டாற் சுடும் காஞ்சொறியும் வெண்மலர்களும் அரசி கூற்றில் உள்ளன; செந்நிறக் கசகசா மலரோ அங்கே இல்லை. துயிலையும் மரணத்தையும் குறிக்கும் அம்மலரை ஓவியரே சேர்த்தார். இது முதற் கண்டுபிடிப்பு. அடுத்து, செய்யுளிலே ஒபீலியா மிதக்கிறாள், பாடுகிறாள், மூழ்குகிறாள். படத்திலோ அவள் என்றும் மூழ்குவதில்லை. ஓடும் காலத்தின் ஒரு கணத்தையே ஓவியர் தெரிந்தெடுத்தல் வேண்டும். எந்தக் கணத்தை, ஏன் தெரிந்தெடுத்தார் என்று கேட்கும்போது படத்தின் உட்பொருள் புலனாகின்றது. அவ்வாறு கேட்டவன் நாடகத்துக்கு மீளும்போதும் புதியதொன்றைக் கேட்பான்: இத்தனையும் கண்டு கூறும் ஒருவர் கரையில் நின்றிருந்தாராயின், அவளைக் காப்பாற்ற எவரும் முன்வராதது ஏன்?

சொல் காலத்திலே ஒழுகுவது, சித்திரம் இடத்திலே பரந்து நிற்பது என்னும் இவ்வேறுபாட்டை 1766இலேயே லெசிங் என்னும் ஜெர்மானிய அறிஞர் லாவோகோன் என்ற நூலில் ஆராய்ந்துள்ளார். இரண்டும் ஒன்றே எனக் கூறுதல் எளிது. எங்கே வேறுபடுகின்றன எனக் காட்டுவதே அறிவு. இவ்விரட்டைப் படிப்பின் பெரும்பயன் இதுவே.

கவிஞர் கீற்ஸ் 1819இலே ஒரு கிரேக்கத் தாழியைப் பற்றிப் பாடிய செய்யுள் மற்றோர் எடுத்துக்காட்டு. பலர் அதனை மண்ணால் வனைந்து வண்ணம் தீட்டிய கலமாகக் கற்பனை செய்கின்றனர். செய்யுளைக் கூர்ந்து படித்தால் அதிலுள்ள உருவங்கள் சலவைக்கல்லாலானவை என்பது தெரியும். ஏதென்ஸிலிருந்து கொணரப்பட்டு, 1816இற் பிரித்தானிய அரசு 35,000 பவுண் கொடுத்து வாங்கிய பார்த்தெனன் சிற்பங்களைக் கீற்ஸ் மறுவருடமே சென்று கண்டிருந்தார். பாரிஸ் நகரத்துச் சலவைக்கற் சாடியொன்றின் அச்சுப் படத்தைப் பார்த்து அவர் வரைந்த சித்திரமும் எஞ்சியுள்ளது. எனினும், செய்யுளில் வரும் காட்சிகள் யாவும் பொறித்த ஒரே தாழி எங்கும் கிடைக்கவில்லை. பல கலைப்பொருள்களைக் கண்ட கண், உலகில் இல்லாத ஒன்றைச் சொல்லாற் சமைத்தது. இதனை உணர நூதனசாலையும் வேண்டும், நூலகமும் வேண்டும்.

இப்படிப்பில் ஆபத்து இல்லையா எனின், உண்டு. ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் என்றபடி, ஈரிடத்தும் நுனிப்புல் மேய்ந்து திரும்புவோரும் உளர். ஓவியத்தை நூலுக்கு வரைந்த வெறும் விளக்கப்படமாகக் கொள்வது ஒரு பிழை. செய்யுளை ஓவியத்துக்கு எழுதிய விளக்கக் குறிப்பாகக் கொள்வது மற்றொரு பிழை. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு முறையுடையது. கலைவரலாற்று மாணவன் காலம், மூலப்பொருள், கைமாறிய வரலாறு ஆகியவற்றை அறிதல் வேண்டும். இலக்கிய மாணவன் பாடபேதம், யாப்பு, சொல்வரலாறு ஆகியவற்றை அறிதல் வேண்டும். இவ்விரு உழைப்பையும் ஏற்கத் துணியாதவர் ஒன்றையே கற்பது நன்று.

நம் நாட்டுக்கும் இக்கதைக்கும் ஓர் உறவுண்டு. வில்லியம் மொறிஸ், எட்வேட் பேர்ண்-ஜோன்ஸ் என்னும் இருவர் 1853இல் ஒக்ஸ்போர்டில் மாணவராய்ச் சந்தித்து, சோசரையும் ரஸ்கினையும் ஒன்றாகப் படித்தனர். மொறிஸ் கவிஞராகவும் கைவினைஞராகவும், பேர்ண்-ஜோன்ஸ் ஓவியராகவும் விளங்கினர். அவர்தம் நட்பின் முதிர்ந்த கனி 1896இல் வெளியான கெல்ம்ஸ்கொட் சோசர். அதில் 87 சித்திரங்கள் உள. அந்நூலை அச்சிட்ட கையச்சு யந்திரம் பின்னர் கொழும்பிற் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் கைக்கு வந்தது. மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலை அவர் 1908இல் அதிலேயே அச்சேற்றினார். அவர் இலண்டனிற் கற்றவை புவிச்சரிதவியலும் தாவரவியலும். நாம் கூறிய இரு பாடங்களுள் எதிலும் பட்டம் பெற்றாரல்லர். ஆயினும், கைவினைஞரின் வேலையை நேரிற் கண்டும், சிற்ப நூல்களின் சொற்களை ஆராய்ந்தும், இரண்டையும் ஒருங்கே வைத்து எழுதினார். அந்நூல் இன்றும் வாழ்வதற்கு அதுவே காரணம்.

ஆகவே, பெற்றோரின் வினாவுக்கு என் விடை இது. கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர் என்பது நம்மிடையே வழங்கும் மொழி. தாம் கண்டதைத் திருத்தமாகச் சொல்லவும், பிறர் சொன்னதைக் கண்ணாற் சோதிக்கவும் வல்லவர் எக்காலத்திலும் அரியர். நூதனசாலைக்கும் பதிப்பகத்துக்கும் பத்திரிகைக்கும் வகுப்பறைக்கும் அத்தகையோர் தேவை. உத்தியோகம் உறுதியாகக் கிடைக்கும் என்று நான் கூறவில்லை. அவ்வுறுதியை எந்தக் கலைப்பாடமும் தருவதில்லை. உங்கள் பிள்ளை ஒரு படத்தின்முன் ஒரு மணி நேரம் அமர்ந்து, தான் கண்டதைப் பிறர் கண்முன் தோன்றுமாறு ஒரு பக்கம் எழுத முயல்வாளாயின், அப்பக்கத்தை வாங்கிப் படித்துப் பாருங்கள். அதன் பின்னர்ப் பாடத் தெரிவு பற்றி அவளோடு கலந்து முடிவு செய்யுங்கள்.