ஏரி, பூங்கா, பஜார், நடைபாதை: தியாகராய நகர் சொல்லும் வரலாறு



மலருக்குக் கட்டுரை கேட்ட சங்கச் செயலாளர், "நீங்க ஹிஸ்டரி ஆளாச்சே சார், ஏதாவது ராஜா கதை எழுதுங்களேன்" என்றார். ராஜா கதையே எழுதுகிறேன். ஆனால் இவர் போருக்குப் போன ராஜா அல்லர். ஒரு பார்க்குக்குப் பெயர் தந்த ராஜா. பனகல் ராஜா.

கல்யாணப் புடவைக்கும் தீபாவளித் துணிக்கும் தியாகராய நகருக்குப் போகாத குடும்பம் நம்மில் குறைவு. அந்தக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. ஒரு கடைவீதி எப்படி வளர்ந்தது, எப்படி மூச்சுத் திணறியது, எப்படி மறுபடி கொஞ்சம் மூச்சு விட்டது என்பதே அது.

ஏரி இருந்த இடம்

இன்று தி.நகர் இருக்கும் நிலப்பகுதியை ஒட்டி ஒரு காலத்தில் மிக நீண்ட ஏரி இருந்தது. வெள்ளைக்காரர்கள் அதை 'லாங் டேங்க்' என்றே அழைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு தெரு இன்றும் உண்டு. "லேக் எங்கே சார்?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. பெயர் மட்டும் சாட்சியாக நிற்கிறது.

நகரை எப்படி அமைப்பது என்ற பேச்சு சென்னையில் சூடு பிடித்தது முதல் உலகப் போர்க் காலத்தில். ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ் தம் நகரமைப்புக் கண்காட்சியோடு சென்னைக்கு வரவிருந்தார். வரைபடங்களை ஏற்றி வந்த கப்பலை 1914-ல் எம்டன் மூழ்கடித்துவிட்டது. ஆம், சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்தான்! மனிதர் சோர்ந்து போகவில்லை. நண்பர்கள் உதவியோடு வேறு படங்களைச் சேர்த்து 1915-ல் இங்கே கண்காட்சியை நடத்திக் காட்டினார். 1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. பனகல் ராஜா முதல்வராக இருந்த நீதிக்கட்சி ஆட்சியில், 1923-ல், ஏரியை வடித்து மாம்பலம் குடியிருப்புத் திட்டம் தொடங்கியது.

நடுவில் பூங்கா, அதிலிருந்து பிரியும் சாலைகள், மரங்கள், தோட்டம் வைத்த வீடுகள். இதுதான் அன்றைய கனவு. சர் பிட்டி தியாகராயர் பெயரை நகருக்கு வைத்தார்கள். தெருக்களும் பூங்காக்களும் உஸ்மான், ஜி.என். செட்டி, நடேசன் என்று நீதிக்கட்சி வரலாற்றையே சொல்லும்.

பாண்டி யார்?

"பாண்டிச்சேரி சாமான் விற்றதால் பாண்டி பஜார்" என்று பலரும் சொல்வார்கள். அரசு ஏட்டில் அதன் பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்ஸை ரத்து செய்வோம் என்று உத்தரவு போட்டவர். பொது இடம் என்றால் எல்லோருக்கும் இடம் என்பதை அதிகாரத்தைக் கொண்டு நிலைநாட்டிய மனிதர். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

வீடுகள் கடைகளாயின

1928-ல் தொடங்கிய நல்லி போன்ற ஜவுளிக்கடைகள் வளர்ந்தன. மாம்பலம் ரயில் நிலையம் கூட்டத்தைக் கொண்டுவந்து கொட்டியது. நடிகை டி.ஆர். ராஜகுமாரி பாண்டி பஜாரில் தம் பெயரிலேயே தியேட்டர் கட்டினார். பிறகு நாகேஷும் கட்டினார். இரண்டும் இன்று இல்லை. தோட்டம் வைத்த வீடுகள் ஒவ்வொன்றாக மாடிக் கடைகளாக மாறின.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் பல்லவன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போனது பெரிய கடைகளுக்கு அல்ல, பிளாட்பாரக் கடைகளுக்கு. ஹாஸ்டல் பையன் கையில் இருந்த காசுக்கு பெல்ட்டும் செருப்பும் அங்கேதான் கிடைக்கும். பேரம் பேசக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். ஆனால் நடக்க இடம் கிடையாது. பிளாட்பாரத்தில் கடை, ரோட்டில் கார், நடுவில் நாம்!

2013-ல் அந்த வியாபாரிகளை அதே சாலையில் மாநகராட்சி கட்டிய மாடிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். "ஹேர்பின் வாங்க யாருங்க மாடி ஏறி வருவாங்க?" என்ற அவர்களின் கேள்வியில் நியாயம் இருந்தது. தெரு வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்கும் மத்தியச் சட்டம் 2014-ல் தான் வந்தது.

அகன்ற நடைபாதை

அதே 2014-ல் சென்னை மாநகராட்சி, நடப்போருக்கும் சைக்கிளில் போவோருக்கும் முதலிடம் தரும் கொள்கையை ஏற்றது. 2016-ல் சென்னை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பெற்றது. பாண்டி பஜாரில் வண்டிகளைக் கட்டுப்படுத்திச் சில நாள் ஒத்திகை பார்த்தார்கள். "கார் வரலைன்னா வியாபாரம் படுத்துடும்" என்று பயந்த கடைக்காரர்களும் உண்டு. 2019 நவம்பரில் புதிய நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. வண்டிப் பாதை சுருங்கியது; இருபுறமும் நடைபாதை அகன்றது. உட்கார இருக்கைகள் வந்தன. 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை வந்தது.

எனக்குப் பிடித்த காட்சி, எதுவும் வாங்காமல் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். புடவை எடுக்கும் மகளுக்காகக் காத்திருக்கும் தாத்தா, காலாற வந்த பாட்டி, ஐஸ்கிரீம் சாப்பிடும் பிள்ளைகள். காசு செலவழிக்காமல் உட்கார ஓர் இடம் கடைத்தெருவில் கிடைப்பது சின்ன விஷயமா?

இரண்டு கணக்குகள்

ஆனாலும் வரலாற்று மாணவன் இரண்டு கணக்குகளைக் கேட்டாக வேண்டும்.

ஒன்று, தண்ணீர்க் கணக்கு. 2015-லும் 2021 நவம்பரிலும் தி.நகர் தெருக்கள் வெள்ளத்தில் மூழ்கின. நூறு ஆண்டுக்கு முன் ஏரியை வடித்தோம். தண்ணீர் தன் பழைய முகவரியை மறக்கவில்லை. மேலே எவ்வளவு அழகாகக் கல் பாவினாலும் கீழே வடிகாலும், மண்ணுக்குள் நீர் இறங்க வழியும் இல்லாவிட்டால் அந்த அழகு ஒரு மழைக்குத் தாங்காது.

இரண்டு, மனிதக் கணக்கு. நடைபாதை அகலமானதும் அங்கே யாருக்கு இடம்? நடப்பவருக்கு உண்டு, பெரிய கடைக்கு உண்டு. பல பத்தாண்டுகள் அந்தத் தெருவுக்குக் கூட்டம் சேர்த்த வளையல்காரருக்கும் பூக்காரம்மாவுக்கும்? அகன்ற நடைபாதையில் அளந்து கோடு போட்டு அவர்களுக்கும் இடம் ஒதுக்க முடியும். 2014 சட்டம் காட்டும் வழியும் அதுதான். எந்தத் தெருவுக்குச் சௌந்தரபாண்டியனார் பெயரை வைத்தோமோ, அந்தத் தெருவில் எளியவருக்கு இடமில்லை என்றால் பெயர்ப்பலகைக்கு என்ன பொருள்?

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல ஊர்களில் பழைய கடைவீதிகளைப் புதுப்பிக்கும் பேச்சு நடக்கிறது. உங்கள் ஊர்க் கடைவீதியின் வரலாற்றை இப்போதே எழுதி வையுங்கள். தெருப்பெயர் யாருடையது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், யார் எத்தனை வருஷமாய் அங்கே கடை போடுகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வரைபடம் போடும் பொறியாளருக்கு இந்த மூன்றும் தெரிந்திருந்தால் பாதித் தவறு குறையும். நோட்டும் பேனாவும் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கலாம்.