பாலஸ்தீனப் பிரிவினை: வரைபடங்கள் கூறும் வரலாறு

ஒரு நாட்டைப் பங்கிட முனைவோர் முதலில் கையிலெடுப்பது அதன் வரைபடத்தை. அதில் மலையும் ஆறும் தெரியும். குடியிருக்கும் மக்கள் தெரிவதில்லை. பிரிட்டிஷ் ஆட்சியின்போது பாலஸ்தீனத்திற்கு வகுக்கப்பட்ட பிரிவினைத் திட்டங்களே இதற்குத் தக்க சான்று.

1936இல் அரபு மக்களின் பொது வேலைநிறுத்தமும் கிளர்ச்சியும் எழுந்தபின், பீல் பிரபுவின் தலைமையில் பிரிட்டிஷ் அரசு ஓர் ஆணையத்தை அனுப்பியது. 1937 ஜூலையில் வெளியான அதன் அறிக்கை பிரிவினையைப் பரிந்துரைத்தது. அதன்படி கலிலேயாவும் கடற்கரைச் சமவெளியின் பெரும்பகுதியும் யூத நாடாகும். எஞ்சியவற்றில் பெரும்பகுதி டிரான்ஸ்ஜோர்டானுடன் இணையும். பைத்துல் முகத்தஸும் பெத்லகேமும், யாஃபா வரை ஒரு வழித்தடத்துடன், பிரிட்டனின் பொறுப்பில் இருக்கும். யூத நாட்டிற்குரிய பகுதியில் சுமார் 2,25,000 அரபியரும், அரபுப் பகுதியில் சுமார் 1,250 யூதரும் வாழ்ந்தனர். இவர்களை இடம் மாற்றுவதற்கு, 1923ஆம் ஆண்டின் கிரேக்க – துருக்கிய மக்கள் பரிமாற்றத்தை அறிக்கை முன்மாதிரியாகக் காட்டிற்று. ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு ஈடாக இரண்டேகால் லட்சம் பேரை அகற்றுவதைப் பரிமாற்றம் என்பது எவ்வாறு தகும்?

இத்திட்டத்தைச் செயற்படுத்தும் வழிகாண 1938இல் உட்ஹெட் குழு அமர்த்தப்பட்டது. கட்டாய வெளியேற்றத்தை அரசு ஏற்காத நிலையில், பீல் எல்லையின்படி அமையும் யூத நாட்டில் அரபியர் ஏறக்குறையச் சரிபாதியாக இருப்பர் என்று அக்குழு கண்டது. எல்லையைச் சுருக்கி வேறிரு வரைபடங்களையும் அது ஆராய்ந்தது. ஆயினும் உறுப்பினரிடையே ஒருமித்த கருத்து உருவாகவில்லை. பிரிவினை நடைமுறைக்கு ஒவ்வாது என 1938 நவம்பரில் பிரிட்டிஷ் அரசே அறிவித்தது.

ஆனால் 1947இல் பிரச்சினை ஐக்கிய நாடுகள் சபையிடம் ஒப்படைக்கப்பட்டபோது, கைவிடப்பட்ட கோடு மீண்டும் உயிர்பெற்றது. சபை அமைத்த சிறப்புக் குழுவின் பெரும்பான்மை அறிக்கை கணக்கிட்ட யூத நாட்டில், நாடோடி அரபியர் நீங்கலாகவே, 4,98,000 யூதரும் 4,07,000 அரபியரும் இருந்தனர். இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா ஆகிய மூன்றும் பிரிவினைக்கு மாற்றாகக் கூட்டாட்சியை முன்வைத்தன. அக்குழுவில் இந்தியாவின் சார்பில் அமர்ந்தவர் சர் அப்துர் ரஹ்மான். நவம்பர் 29 அன்று 33 நாடுகள் ஆதரிக்க, இந்தியா உள்ளிட்ட 13 நாடுகள் எதிர்க்க, பிரிவினைத் தீர்மானம் நிறைவேறிற்று.

அடுத்து வந்த போரில் ஏழு லட்சத்திற்கும் மேற்பட்ட பாலஸ்தீனர் வீடிழந்தனர். உட்ஹெட் குழு கண்ட உண்மையை எவரும் மறுக்கவில்லை, மறந்தனர். ஆகவே, அவ்வரைபடங்களைப் பயில்வோர் எல்லைக் கோட்டுடன் நின்றுவிடலாகாது. அதன் இருபுறமும் வாழ்ந்தோரின் எண்ணிக்கையையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.