மருத்தா

ஜப்பானிய மொழியில் ‘மரு’ என்றால் உருண்டை. ‘தா’ பருமனைக் குறிக்கும். இரண்டும் சேர்ந்தால் உருட்டுக்கட்டை. மர வியாபாரத்தில் இன்றும் புழங்கும் சாதாரணச் சொல்தான். இதற்கு இன்னொரு பொருளை ஏற்றியது ஜப்பானிய ராணுவத்தின் 731-ஆம் படைப்பிரிவு.

சீனாவின் ஹார்பின் நகருக்கு அருகே பிங்ஃபாங்கில், ஷிரோ இஷி என்ற ராணுவ மருத்துவரின் தலைமையில் கிருமி ஆயுத ஆய்வு ரகசியமாக நடந்தது. அக்கம்பக்கத்தாரிடம் மரம் அறுக்கும் ஆலை என்று சொல்லிவைத்தார்கள். உள்ளே அடைபட்ட சீனர், கொரியர், ரஷ்யர், மங்கோலியர் ‘கட்டைகள்’ ஆனார்கள். அவர்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும். பிளேக், ஆந்த்ராக்ஸ், காலரா கிருமிகளை ஏற்றினார்கள். உயிரோடு அறுத்தும் பார்த்தார்கள். உறைபனியில் கைகளை நீட்டவைத்து, விறைத்ததும் குச்சியால் தட்டுவார்கள். பலகையைத் தட்டிய ஓசை வந்தால் சோதனை சரி. மனிதனைக் கட்டை என்று அழைத்த வாய்க்கு அந்த ஓசை உறைக்கவே இல்லை!

குறைந்தது 3,000 பேர் அங்கே மாண்டனர். 1949-இல் கபரோவ்ஸ்கில் சோவியத் ராணுவ நீதிமன்றம் 12 பேரைத் தண்டித்தது. இஷி அதில் இல்லை. ஆய்வுக் குறிப்புகளுக்கு ஈடாக அமெரிக்கா அவரை விட்டுவிட்டது. 1959-இல் அவர் டோக்கியோவில் நோயுற்று இறந்தார்.