டிஸ்க்வேர்ல்டு... முதல் புத்தகத்துல இருந்தே ஆரம்பிக்கணுமா?

ராட்சத ஆமை, அதன் முதுகில் நான்கு யானைகள், அவை தாங்கும் தட்டையான உலகம்... இதுதான் டெர்ரி பிராட்செட்டின் 'டிஸ்க்வேர்ல்டு'. மொத்தம் 41 நாவல்கள்!

முதல் புத்தகம், 1983-ல் வந்த 'தி கலர் ஆஃப் மேஜிக்'. மந்திரம் போடத் தெரியாத மந்திரவாதி ரின்ஸ்விண்டு, அப்பாவி டூரிஸ்ட் டூஃப்ளவர், கால் முளைத்த பெட்டி என செம கலாட்டா. ஆனால், பழைய மாயாஜாலக் கதைகளைக் கலாய்ப்பதுதான் இதன் வேலை. அவற்றைப் படிக்காதவர்களுக்குப் பல ஜோக்குகள் பிடிபடாது. கதையும் பாதியில் அந்தரத்தில் தொங்கும். மீதி, அடுத்த புத்தகமான 'தி லைட் ஃபென்டாஸ்டிக்'கில்.

பிடிக்கலையா? மொத்தத் தொடரையும் மூட்டை கட்டிடாதீங்க. பெரும்பாலான நாவல்களைத் தனியாகவே படிக்கலாம். மரணம் தனக்கொரு உதவியாளனைத் தேடும் 'மோர்ட்' (1987), நகரக் காவலர்கள் டிராகனோடு மல்லுக்கட்டும் 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' (1989)... ரெண்டுல ஒண்ணை எடுங்க. ரின்ஸ்விண்டை அப்புறமா பார்த்துக்கலாம்!