சூப்பர்மேன் ஊரில் இல்லாத வருஷம்



இரண்டாம் உலகப் போர் எந்த வருஷம் முடிந்தது என்று வகுப்பில் கேட்டால் பத்துக் கையாவது உயரும். 1946-ல் என்ன நடந்தது என்று கேட்டால் வகுப்பே ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். அது உங்கள் தப்பில்லை. பாடப்புத்தகம் அப்படி. அழிவுக்கு ஒரு தேதி உண்டு, அதை மனப்பாடம் செய்யலாம். மறு வருஷம் எவர் வீட்டைக் கட்டினார், எவர் குடித்தே அழிந்தார் என்பதற்குத் தேதியும் இல்லை, இரண்டு மதிப்பெண் வினாவும் இல்லை.

அந்த மறு வருஷத்தைப் பற்றி ஒரு நாவல் இருக்கிறது. ஆனால் அதில் அழிந்தது ஜெர்மனியோ ஜப்பானோ இல்லை, சூப்பர்மேனின் உலகம். பெயர் '52'. எழுதியவர் கிரெக் காக்ஸ், வெளிவந்தது 2007-ல், அமெரிக்காவின் ஏஸ் புக்ஸ் வெளியீடு. விடுமுறைக்கு வந்த பேரன் விட்டுவிட்டுப் போன புத்தகம். இந்த வயதில் சூப்பர்மேனா என்று சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன். கதையின் முடிவுகளையும் சொல்லப்போகிறேன். வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சூப்பர்மேன் பிறந்தது 1938-ல். அவனை வெளியிட்டதுதான் இன்று டிசி காமிக்ஸ் என்று சொல்லப்படும் நிறுவனம். 1940-களில் கூட்டம் கூட்டமாக வீரர்கள் வந்தார்கள், பிறகு பலர் காணாமல் போனார்கள். 1956-ல் ஃபிளாஷ் என்ற பழைய பெயரிலேயே ஒரு புது ஆளை உருவாக்கினார்கள். அப்படியானால் பழைய ஃபிளாஷ் என்ன ஆனான்? 1961-ல் ஒரு கதையில் பதில் சொன்னார்கள்: அவன் வேறொரு பூமியில் இருக்கிறான். ஒரு பொய்யைச் சமாளிக்க இன்னொரு பொய் என்பது போல, அதன் பிறகு பூமிகள் பெருகிக்கொண்டே போயின. எந்த வீரன் எந்தப் பூமியில் என்று புதிதாக வருகிற பையனுக்குப் புரியவில்லை.

1985-ல் நிறுவனம் ஒரு முடிவுக்கு வந்தது. மளிகைக்கடைக்காரர் பழைய கணக்கு நோட்டை மூடிவிட்டுப் புது நோட்டுப் போடுவாரே, அது போல. மார்வ் வுல்ஃப்மன் எழுத, ஜார்ஜ் பெரெஸ் வரைய, 12 இதழ்களில் எல்லாப் பூமிகளையும் அழித்து ஒன்றே ஒன்றை மிச்சம் வைத்தார்கள். சூப்பர்கேர்ல் செத்தாள், ஃபிளாஷ் செத்தான். 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' என்பது அந்தத் தொடரின் பெயர். பிரபஞ்சம் அழிவது இவர்களுக்கு ஒரு கணக்கு வழக்கு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இருபது வருஷம் கழித்து, 2005-ன் கடைசியில், 'இன்ஃபினிட் கிரைசிஸ்' என்று இன்னொரு பேரழிவு தொடங்கியது. ஏழு இதழ்கள். இந்த முறை ஒரு தந்திரம் செய்தார்கள். 2006 மார்ச்சில், அந்தத் தொடர் முடிவதற்கு முன்பே, மற்ற மாத இதழ்களின் கதைகள் ஒரு வருஷம் முன்னால் தாவிவிட்டன. வாசகன் பக்கத்தைத் திருப்புகிறான், கதையில் ஒரு வருஷம் ஓடிப்போயிருக்கிறது. யார் யாரோ மாறியிருக்கிறார்கள். நடுவில் என்ன நடந்தது?

அந்தக் காணாமல் போன வருஷத்தைச் சொல்லத்தான் '52' என்ற வாரத் தொடர். 2006 மே 10 முதல் 2007 மே 2 வரை, வாரத்துக்கு ஒரு இதழ், மொத்தம் 52. கதையிலும் ஒரு இதழ் ஒரு வாரம். தொடர்கதைக்காக வாராவாரம் காத்திருந்த என் தலைமுறைக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அமெரிக்காவில் காமிக்ஸ் என்றால் மாதம் ஒன்றுதான் வழக்கம். இதே நிறுவனம் 1988-ல் ஒரு வார இதழ் நடத்திப் பார்த்து அடுத்த வருஷமே விட்டுவிட்டது.

இந்த முறை ஒரு வாரம்கூடத் தவறவில்லை. ஜெஃப் ஜான்ஸ், கிராண்ட் மாரிசன், கிரெக் ரக்கா, மார்க் வெய்ட் என்று நான்கு எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதினார்கள். கீத் கிஃபன் என்பவர் 52 இதழுக்கும் ஒவ்வொரு பக்கத்தின் கட்டங்களையும் உருவங்களையும் பென்சிலில் பிரித்துக் கொடுத்துவிடுவார். வேறு வேறு ஓவியர்கள் ஒரே சமயத்தில் அதன் மேல் வரைவார்கள். ஒரே வீட்டை நாலு கொத்தனார் கட்டினாலும் வரைபடம் ஒன்றாக இருப்பதால் சுவர் கோணவில்லை.

அந்த வருஷத்தில் சூப்பர்மேனுக்குச் சக்தி போய்விட்டது. பேட்மேன் தன்னைத் தேற்றிக்கொள்ள வெளியூர் போய்விட்டான். வொண்டர் உமனும் ஒதுங்கிவிட்டாள். மீதி இருப்பவர்கள் யார்? நம் நாடக சபாக்களில் ராஜபார்ட்டுக்குப் பின்னால் ஈட்டி பிடித்து நிற்பார்களே, அவர்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சூப்பர்மேன் வருஷக் கடைசியில் நலமாகத் திரும்பி வருவான் என்று வாசகனுக்கு ஏற்கெனவே தெரியும், தாவிய இதழ்களில் அவன் பறந்துகொண்டிருக்கிறான். அவனை வைத்துப் பயம் காட்ட முடியாது. பொதுவாகவே முடியாது. 1992-ல் அவனைச் சாகடித்துப் பார்த்தார்கள், மறு வருஷமே திரும்பி வந்துவிட்டான். ஈட்டி பிடித்தவன்தான் நிஜமாகச் சாகக்கூடியவன்.

நிறுவனம் கேட்டது, யார் யார் எப்படி மாறினார்கள் என்ற விளக்கம். நான்கு எழுத்தாளர்களும் எழுத உட்கார்ந்ததும் இந்தச் சின்ன ஆட்களின் மேல் ஆசை வந்துவிட்டது. வாரங்கள் ஓடின, விளக்கம் வரவில்லை. கடைசியில் 2007 ஏப்ரலில், 50-ஆம் வார இதழோடு சேர்த்து நான்கு தனி இதழ்களை ஒரே நாளில் வெளியிட்டு, விட்டுப்போன விளக்கத்தை எல்லாம் அவற்றில் அடைத்தார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல் தனக்குத் தெரிந்ததை அழகாக எழுதிவிட்டு வருகிற மாணவன் உண்டல்லவா? பரீட்சையில் அவனுக்கு மதிப்பெண் போட முடியாது. இங்கே நான் முழு மதிப்பெண் போடுவேன்.

நாவலுக்கு வருகிறேன். காமிக்ஸ் வீரர்களை உரைநடையில் எழுதுவது புதிதல்ல. 1942-லேயே ஜார்ஜ் லோதர் என்ற வானொலி எழுத்தாளர் சூப்பர்மேன் நாவல் எழுதியிருக்கிறார். காக்ஸ் இந்த வேலையில் கைதேர்ந்தவர். 'டேர்டெவில்', 'அண்டர்வேர்ல்டு' படங்களை நாவலாக்கியவர், 'ஸ்டார் டிரெக்' நாவல்களும் எழுதியவர். 52 இதழ்களை ஒரு நாவலில் அடைக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று இழைகளை மட்டும் முக்கியமாக எடுத்துக்கொண்டார்: ரெனே மொன்டோயா, பிளாக் ஆடம், பூஸ்டர் கோல்டு. அவருடைய நடை சாதாரணம்தான். சண்டைக் காட்சிகளில் நான் பக்கம் தள்ளினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மொன்டோயாவின் பகுதிகளில் ஒரு வரிகூடத் தள்ளவில்லை.

மொன்டோயா பேட்மேனின் காதம் நகரத்துப் போலீஸ்காரி. 1992-ல் தொலைக்காட்சிக் கார்ட்டூனுக்காக உருவாக்கப்பட்ட சின்னப் பாத்திரம். பத்து வருஷம் கழித்து கிரெக் ரக்காதான் அவளை மனுஷியாக்கினார். அவள் பெண்ணை நேசிக்கிறவள். அது ஊருக்குத் தெரிந்ததும் பெற்றவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். (இதைப் படித்து முகம் சுளிக்கிற உறவினர்கள் சிலர் இருப்பீர்கள். கதையின் பாதி இதுதான், விட்டுவிட்டு எழுத முடியாது.) கூட வேலை பார்த்த கிறிஸ்பஸ் ஆலன் கொலை செய்யப்படுகிறான், கொன்றவன் தப்பிக்கிறான். வேலையை விடுகிறாள், குடிக்கிறாள். பேரழிவு முடிந்த வருஷத்தில் நாம் அவளைச் சந்திப்பது அந்த நிலையில்.

அவளிடம் முகமே இல்லாத ஒருவன் வருகிறான். கண், மூக்கு, வாய் எதுவும் தெரியாத முகமூடி. பெயர் 'கேள்வி', அதாவது தி கொஸ்டின். 1967-ல் ஸ்டீவ் டிட்கோ வேறொரு நிறுவனத்துக்காக உருவாக்கியவன். அந்த நிறுவனத்தின் வீரர்களை டிசி 1983-ல் விலைக்கு வாங்கியது. அவள் அவனைச் சார்லி என்று கூப்பிடுகிறாள். ஒரு பாழடைந்த கட்டடத்தைக் கவனித்துச் சொல், கூலி தருகிறேன் என்கிறான். அந்தச் சின்ன வேலை அவளைப் பாட்டிலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பி உலகம் சுற்ற வைக்கிறது. நீ யார் என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். எரிச்சலாக இருக்கும், அவளுக்கும் இருக்கிறது.

அவனுக்கு நுரையீரல் புற்றுநோய் என்பதை ரொம்ப நாள் மறைத்திருக்கிறான். தன் இடத்துக்கு ஆள் தேடித்தான் அவளைப் பிடித்திருக்கிறான். அது தெரியும்போது அவன் கடைசிக் கட்டத்தில் இருக்கிறான். மருத்துவர்களால் இனி ஆகாது என்ற பிறகும் அவள் விடவில்லை. இமயமலையில் நந்தா பர்பத் என்ற அற்புத நகரம் இருக்கிறது, அங்கே போனால் பிழைப்பான் என்று பனியில் இழுத்துக்கொண்டு போகிறாள். கற்பனை ஊர்தான். 8,126 மீட்டர் உயர நங்க பர்வதத்தின் பெயரைக் கொஞ்சம் திருப்பி வைத்திருக்கிறார்கள். 38-ஆம் வாரம், வாசலுக்கு எட்டும் தூரத்தில் அவன் இறந்துவிடுகிறான். பறக்கிறவர்களும் கண்ணில் நெருப்பு கக்குகிறவர்களும் நிறைந்த உலகத்தில், ஒரு நோயாளியைத் தூக்கிக்கொண்டு கடைசி நம்பிக்கையாக எங்கெங்கோ அலைகிற ஒருத்தி. நம்மில் எத்தனை பேர் இதைச் செய்திருக்கிறோம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வருஷக் கடைசியில் அவள் அந்த முகமில்லாத முகமூடியைப் போட்டுக்கொள்கிறாள். 2020-ல் வந்த 'பர்ட்ஸ் ஆஃப் ப்ரே' படத்தில் ரோஸி பெரெஸ் நடித்த போலீஸ்காரி இவள்தான். படத்தில் இந்தக் கதை எதுவும் இல்லை.

பிளாக் ஆடமை 2022 படத்தில் டுவைன் ஜான்சன் நடித்துப் பார்த்திருப்பீர்கள். 1945-ல் வில்லனாகப் பிறந்தவன். இந்தத் தொடரில் கான்டாக் என்ற கற்பனை நாட்டின் அரசன், கொடுமைக்காரன். ஏட்ரியானா என்ற அகதிப் பெண்ணை மணக்கிறான், அவளால் திருந்துகிறான், அவளுடைய தம்பி அமோனையும் சேர்த்து ஒரு குடும்பம் அமைகிறது. பிறகு தம்பியும் கொல்லப்படுகிறான், அவளும் சாகிறாள். அவன் கோபத்தில் பக்கத்து நாடான பியால்யாவையே அழிக்கிறான். இருபது லட்சம் பேர். இங்கேதான் எனக்குக் குறை. மனைவிக்காக அவன் அழுவதை நாம் கூட இருந்து பார்க்கிறோம். அந்த இருபது லட்சம் பேரில் ஒருவருடைய பெயரும் நம் மனதில் நிற்பதில்லை. சின்னவர்களின் கதை என்று கிளம்பிய தொடரிலும் அவர்கள் எண்ணிக்கைதான்.

பூஸ்டர் கோல்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எதிர்காலத்திலிருந்து திருட்டுப் பொருட்களோடு வந்து, சட்டையில் விளம்பரச் சின்னம் ஒட்டிக்கொண்டு வீரனாக நடிப்பவன். நாளை நடக்கப்போவது எல்லாம் அவனுக்குத் தெரியும், அதுதான் பிழைப்பு. பேரழிவுக்குப் பிறகு அவன் படித்த வரலாறும் நடப்பதும் ஒத்துப்போகவில்லை. காமிக்ஸில் அவன் ஒரு காலப் பயணியின் மறைவிடத்துக்குப் போகிறான். சுவரெல்லாம் கரும்பலகை, பலகை நிறைய சாக்பீஸ் கிறுக்கல், 52 என்ற எண் மறுபடி மறுபடி, எல்லாம் இவன் தப்புதான் என்ற குற்றச்சாட்டு வேறு. முப்பது வருஷம் சாக்பீஸ் தூசி தின்றவனுக்கு அந்தப் பக்கம் பிடிக்காமல் போகுமா?

2011-ல் நிறுவனம் மறுபடியும் கணக்கு நோட்டை மூடியது. எல்லா இதழ்களையும் நிறுத்தி, புதிதாக 52 இதழ்களை முதல் எண்ணிலிருந்து தொடங்கியது. எண்ணை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். மொன்டோயா பனியில் நடந்தது புது நோட்டில் பதிவாகவில்லை. பல வருஷம் கழித்து, 2019-ல் ரக்கா எழுதத் தொடங்கிய ஒரு லாயிஸ் லேன் தொடரில்தான் அந்த முகமூடி அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. நிறுவனம் மறந்தாலும் எழுதியவர் மறக்கவில்லை.

நாவலில் இடம் கிடைக்காதவர்களில் ஒருவனைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. ரால்ஃப் டிப்னி. 1960-ல் பிறந்த பாத்திரம், ஜின்கோல்டு என்ற பானத்தைக் குடித்தால் உடம்பு ரப்பர் போல நீளும் துப்பறிவாளன், மனைவி சூ மேல் உயிர். 2004-ல் வந்த ஒரு கதையில் அவளைக் கொன்றுவிட்டார்கள். இந்த வருஷம் முழுக்க அவளை உயிரோடு மீட்கப் போகிறேன் என்று மந்திரவாதிகள் பின்னால் அலைகிறான். கையில் எப்போதும் ஒரு குடுவை. பெண்டாட்டி போன துக்கத்தில் குடிகாரனாகிவிட்டான் என்று நாமும் நினைக்கிறோம், கூட இருப்பவர்களும் நினைக்கிறார்கள். 42-ஆம் வாரத்தில் தெரிகிறது, குடுவையில் இருந்தது சாராயம் இல்லை, ஜின்கோல்டு. தன்னை ஏமாற்ற வந்த மந்திரவாதியையும் அவனோடு கூட்டுச் சேர்ந்த பேயையும் ஒரே வட்டத்துக்குள் சிக்கவைத்துவிட்டு, அங்கேயே உயிரை விடுகிறான்.

பேரனின் டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கி அந்த இதழை இரண்டு தடவை படித்தேன். நாவலை முடிப்பவர்கள் அதையும் தேடிப் படியுங்கள். காமிக்ஸ் நான்கு தொகுப்புகளாக வந்திருக்கிறது, 42-ஆம் வாரம் நான்காவதில் இருக்கிறது.