வெளி மானிட்டரும் கிராபிக்ஸ் டிரைவரும்: ஒரு பழுதின் வரலாறு

லேப்டாப்பில் கிராபிக்ஸ் டிரைவர் புதுப்பிக்கப்பட்ட பிறகு, அதில் மாட்டிய வெளி மானிட்டர் இருண்டுபோகலாம். "நோ சிக்னல்" என்று காட்டலாம். படம் வந்தாலும் அளவோ நிறமோ மாறி வரலாம். மூன்றும் ஒரே குடும்பத்துப் பழுதுகள். இயங்குதளத்துக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கும் நடுவில் நிற்கும் மென்பொருள்தான் டிரைவர். எந்த வாயிலில் எந்தத் திரை மாட்டியிருக்கிறது, அதற்கு எத்தனை புள்ளிகள், நொடிக்கு எத்தனை முறை படம் அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் அதுவே கவனிக்கிறது. லேப்டாப்பின் சொந்தத் திரை உள்ளேயே பொருத்தப்பட்டது. அதன் குணம் தயாரிக்கும்போதே தெரியும். வெளி மானிட்டரைப் பற்றி ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டறிய வேண்டும். டிரைவர் மாறும்போது முதல் அடி வெளி மானிட்டருக்கு விழுவது அதனால்தான்.

விருதுநகர் மாவட்டத்தில் இந்தப் பழுதுக்குத் தனிக் கனம் உண்டு. 1920களில் இம்மாவட்டத்துச் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். சிவகாசியின் அச்சுத்தொழில் அதிலிருந்து கிளைத்தது. தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டதால் லித்தோ அச்சகம் வந்தது. பட்டாசு லேபிள், காலண்டர், டைரி என்று வேலை பெருகி அது ஆப்செட்டாக வளர்ந்தது. கல்லில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே வரைந்த காலத்தில் நிறத்துக்குப் பொறுப்பு ஓவியரின் கண். பின்னர் அந்தப் பொறுப்பு கேமராவுக்கும் பிலிமுக்கும் போனது. 1990களில் கணினியிலேயே பக்கம் அமைக்கும் டிடிபி பரவி, பேஜ்மேக்கரும் கோரல்டிராவும் ஓடத் தொடங்கியதும், வாடிக்கையாளர் முதலில் பார்க்கும் மாதிரி கணினித் திரையில் தெரிவதாகிவிட்டது. விருதுநகரை ஒட்டிய சூலக்கரையின் சிட்கோ தொழிற்பேட்டை போன்ற இடங்களில் இயங்கும் சிறு நிறுவனங்களுக்கும் சரக்கின் அட்டைப்பெட்டியும் லேபிளும் இப்படித் திரையில் பார்த்து ஒப்புதல் தரப்பட்டே அச்சேறுகின்றன. அந்தத் திரை பொய் சொன்னால் அச்சான தாள் வீணாகும்.

இந்தப் பழுதின் கதை 1987இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு ஐபிஎம் தன் பிஎஸ்/2 கணினிகளுடன் விஜிஏ இணைப்பைக் கொண்டுவந்தது. பதினைந்து ஊசிகள், மூன்று வரிசை, இரண்டு பக்கமும் முறுக்கும் திருகு. 640க்கு 480 புள்ளிகள், 16 நிறங்கள். கம்பியில் ஓடியது அனலாக் மின்னழுத்தம்; மறுமுனையில் என்ன மானிட்டர் இருக்கிறது என்று கணினி பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. பொருந்தாத வேகத்தில் படம் அனுப்பினால் குழாய் மானிட்டர் கீச்சிடும், படம் உருளும். பழுது கண்ணுக்குத் தெரிந்தது. யார் குற்றம் என்பதும் தெரிந்தது.

1994இல் திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு டிடிசி என்ற ஏற்பாட்டை வகுத்தது. மானிட்டர் தன் பெயர், தயாரிப்பாளர், தாங்கக்கூடிய அளவுகள் ஆகியவற்றை 128 பைட் கொண்ட ஒரு சிறு பதிவாக வைத்திருக்கும்; கணினி அதே கேபிள் வழியே அதைப் படித்துக்கொள்ளும். ஈடிஐடி என்று அழைக்கப்படும் இந்தப் பதிவுதான் இன்றைய பல குழப்பங்களின் வேர். கேபிளில் ஓர் ஊசி வளைந்திருந்தாலும், மலிவான மாற்றி நடுவில் இருந்தாலும் பதிவு வந்து சேராமல் போகலாம். பழைய டிரைவர் ஊகித்து ஏதோ ஒரு படத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். புதிய டிரைவர் கண்டிப்பாக நடந்து, பதிவு இல்லை என்றால் மானிட்டரே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். "நேற்றுவரை ஓடியதே" என்ற புகார்கள் பலவற்றுக்கு விளக்கம் இங்கே இருக்கிறது.

லேப்டாப்புகளில் வெளித் திரைக்குப் படத்தை மாற்ற எஃப்என் விசையோடு மேல்வரிசையில் ஒரு விசையை அழுத்தும் பழக்கம் வந்தது. விண்டோஸ் 98 பல மானிட்டர்களை ஒரே மேசைப்பரப்பாக விரிக்கக் கற்றது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, முந்தைய டிரைவருக்குத் திரும்பும் வசதியைத் தந்தது. "ரோல் பேக்" என்ற அந்தப் பொத்தான், டிரைவரைப் புதுப்பிப்பதே பழுதுக்குக் காரணமாகலாம் என்று மைக்ரோசாப்ட் ஒப்புக்கொண்டதன் அடையாளம்.

இதற்கிடையே கம்பியும் டிஜிட்டலானது. டிவிஐ 1999இலும், எச்டிஎம்ஐ 2002 இறுதியிலும், டிஸ்ப்ளேபோர்ட் 2006இலும் வந்தன. விஜிஏவைக் கைவிடப்போவதாக இன்டெல், ஏஎம்டி உள்ளிட்ட நிறுவனங்கள் 2010 டிசம்பரில் அறிவித்தன. டிஜிட்டல் இணைப்பில் அரைகுறைப் படம் பெரும்பாலும் இல்லை. இரு முனையும் ஒத்துக்கொண்டால் முழுப்படம், இல்லையேல் இருட்டு. 2007இல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, டிரைவர் எழுதும் முறையையே மாற்றியது. கிராபிக்ஸ் சிப் இரண்டு நொடிக்குள் பதில் தராவிட்டால், கணினி முழுவதும் உறையாமல், டிரைவரை மட்டும் மீட்டமைக்கும் ஏற்பாடும் அதில் வந்தது. திரை ஒரு கணம் கறுத்து மீளும் காட்சி அப்போதிலிருந்து பழகிப்போனது.

பழுதைச் சிக்கலாக்கிய ஆண்டு 2010 என்று சொல்லலாம். பேட்டரியை மிச்சப்படுத்த, பிராசசருக்குள் இருக்கும் சிறு கிராபிக்ஸும் தனி கிராபிக்ஸ் சிப்பும் ஒரே லேப்டாப்பில் மாறிமாறி வேலை செய்யும் ஆப்டிமஸ் முறையை என்விடியா அந்த ஆண்டு அறிமுகப்படுத்தியது. சில லேப்டாப்புகளில் எச்டிஎம்ஐ வாயில் இன்டெல் பிராசசர் பக்கம் இணைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் என்விடியா பக்கம். வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு டிரைவரை மட்டும் புதுப்பித்து மற்றதைப் பழையதாக விட்டால், லேப்டாப் திரை ஒழுங்காக ஓட, வெளி மானிட்டர் மட்டும் செத்துக் கிடக்கும். கோளாறு மானிட்டரில் என்று எண்ணிப் புது மானிட்டர் வாங்குவது வீண்செலவு. பிராசசர் கிராபிக்ஸின் டிரைவரை முதலிலும் தனி சிப்பின் டிரைவரை அடுத்தும் நிறுவுவது நல்ல வழக்கம். புதிய டிரைவர் என்றாலே நல்லது என்ற நம்பிக்கையும் அந்த ஆண்டு அடிவாங்கியது: என்விடியாவின் 196.75 என்ற வெளியீடு விசிறிக் கட்டுப்பாட்டைப் பாதித்ததால் 2010 மார்ச்சில் திரும்பப் பெறப்பட்டது.

தமிழகத்தில் லேப்டாப் வீடுவீடாகப் போன காலமும் இதுவே. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டம், மாநில அரசு நிறுவனமான எல்காட் வழியே லட்சக்கணக்கான மாணவர்களைச் சென்றடைந்தது. விண்டோசுடன் மத்திய அரசு நிறுவனமான சிடாக்கின் பாஸ் லினக்சும் அந்தக் கணினிகளில் தரப்பட்டது. பலர் லினக்சைத் திறந்தே பார்க்கவில்லை. ஆனால் பழுது பார்ப்பவருக்கு அந்த லினக்ஸ் பெரிய உதவி. விண்டோசில் வராத வெளித் திரை லினக்சில் வந்துவிட்டால் கேபிள், வாயில், மானிட்டர் மூன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன, குற்றம் விண்டோஸ் டிரைவரிலோ அமைப்பிலோதான் என்று அந்த நிமிடமே உறுதியாகிவிடும். பென் டிரைவிலிருந்து லினக்சை ஓட்டி இதே சோதனையைப் பெரும்பாலான லேப்டாப்புகளில் இன்றும் செய்யலாம்.

2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10, டிரைவர்களைக் கேட்காமலே இறக்கி நிறுவத் தொடங்கியது. வெளியீட்டுக்கு முந்தைய நாட்களிலேயே தானாக வந்த என்விடியா டிரைவர்கள் பல மானிட்டர் வைத்திருந்தவர்களுக்குத் தொல்லை தந்தன. வேண்டாத புதுப்பிப்பை மறைத்துவைக்க மைக்ரோசாப்ட் ஒரு சிறு கருவியை வெளியிட்டது. அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது சிவகாசி வழக்கம். அன்றிலிருந்து ஆண்டு முடியும்வரை டிசைன் மேசைக்கு ஓய்வு குறைவு. அந்த நேரத்தில் தானே நிறுவிக்கொள்ளும் டிரைவர் எவருக்கும் உதவாது.

திரை இருண்டுபோனால் உடனே தெரிந்துவிடும். நிறம் மாறிப்போவது அதைவிட ஆபத்து, ஏனெனில் வேலை நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அளவுக்கருவியால் மானிட்டரைத் திருத்தும்போது உண்டாகும் திருத்த அட்டவணை கிராபிக்ஸ் சிப்பில்தான் ஏற்றப்படுகிறது. டிரைவர் மாறினால் அந்த அட்டவணை அழிந்து, மானிட்டர் புதுச் சாதனமாகப் பதிவாகி, பழைய நிறக்கோப்பு ஒட்டாமல் நின்றுவிடலாம். எச்டிஎம்ஐ வழியே மாட்டிய மானிட்டரைப் புதிய டிரைவர் தொலைக்காட்சி என்று எண்ணினால், 0 முதல் 255 வரை அனுப்ப வேண்டிய அளவை 16 முதல் 235 வரை சுருக்கி அனுப்பும். அப்போது பட்டாசு லேபிளின் கரும்பின்னணி சாம்பல் பூத்துத் தெரியும். நிறத் தகவலையும் சுருக்கி அனுப்பினால் கறுப்பின் மேல் உள்ள சிறு சிவப்பு எழுத்துகளின் ஓரம் கரைந்து நிற்கும். டிரைவரின் அமைப்பில் வெளியீட்டை ஆர்ஜிபி என்றும் முழு வீச்சு என்றும் மாற்றி, நிறக்கோப்பை மீண்டும் இணைத்தால் இவை தீரும். கோப்பில் நிறம் மாறவில்லை என்பதை அறியாமல், திரையைப் பார்த்துக் கோப்பைத் திருத்துவதுதான் பெரிய நஷ்டம்.

சோதிக்கும் வரிசையும் இந்த வரலாற்றிலிருந்தே வருகிறது. முதலில் கேபிளைக் கழற்றி மாட்டி, மானிட்டரில் சரியான உள்ளீடு தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்து, அதன் மின்சாரத்தைச் சிறிது நேரம் துண்டிக்க வேண்டும். பிறகு விண்டோஸ் விசையுடன் பி அழுத்தி "எக்ஸ்டெண்ட்" தேர்வு. அதற்கும் அசையாவிட்டால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினால் டிரைவர் மீண்டும் தொடங்கும். இங்கே பி என்பது ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்து, முன்னது பதினாறாம் எழுத்து. டிவைஸ் மேனேஜரில் "மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தால் உண்மையான டிரைவர் ஏறவே இல்லை. அந்த அடிப்படை டிரைவரால் இரண்டாம் திரையை ஓட்ட முடியாது. அந்தப் பெயர் இல்லையென்றால் ரோல் பேக். அதுவும் பயனற்றால் டிரைவரை முழுதாக நீக்கிவிட்டு, சிப் நிறுவனத்தின் பொது டிரைவருக்குப் பதில் லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் டிரைவரை நிறுவ வேண்டும். பல லேப்டாப்புகளில் பொது டிரைவரை நிறுவ விடாமல் இருந்த தடையை இன்டெல் 2020இல்தான் நீக்கியது. ஆனாலும் தயாரிப்பாளர் தன் லேப்டாப்பின் வாயில் இணைப்புக்கு ஏற்பச் செய்த மாற்றங்கள் பொது டிரைவரில் இல்லாமல் போகலாம்.

6ஆம் தலைமுறை முதல் 10ஆம் தலைமுறை வரையிலான பிராசசர்களின் கிராபிக்ஸை இன்டெல் 2022 ஜூலையில் பழையவற்றின் பட்டியலுக்கு மாற்றிவிட்டது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. அந்தத் தலைமுறை லேப்டாப்பில் வெளி மானிட்டரை நம்பி வேலை செய்பவர்கள், இப்போது ஒழுங்காக ஓடும் டிரைவரின் நிறுவல் கோப்பைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி, பதிப்பு எண்ணோடு ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்வது அவசியம். அடுத்த காலண்டர் சீசன்வரை அந்தக் கோப்பு தளத்தில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.